அட்டையில்லாத வாசகர்கள்

உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். வீட்டுத் திறப்பை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். வங்கியிலிருந்தும் நகரசபையிலிருந்தும் பல் டொக்டரிடமிருந்தும் வந்த கடிதங்களை அம்மா அப்பாவுக்கு வாசித்துச் சொன்னோம். இன்று நாற்பது எட்டிப் பார்க்கிறது, தலையில் வெள்ளையும்தான். எங்கள் பிள்ளைகள் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்தில், சின்ன வயதில் யார் வீட்டில் வாசிக்க என்ன இருந்தது என்று பேச்சு வந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தவை பிரித்தானியச் சஞ்சிகைகள். கிழமைக்கு மூன்று, சில கிழமைகளில் நான்கு. ஒன்றுக்குக்கூட அட்டை கிடையாது.

அப்பாவின் வேலை ஒரு களஞ்சியத்தில். லோறென்ஸ்கூக் போகும் பஸ்ஸில் ஏறி இடையில் இறங்க வேண்டும். 'லாகர்' என்றுதான் வீட்டில் சொல்வோம். ஒஸ்லோவின் கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் விற்காமல் போன வெளிநாட்டுச் சஞ்சிகைகள் நீலப் பெட்டிகளில் அங்கே திரும்பி வரும். முழுப் புத்தகத்தையும் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. முன் அட்டையைக் கிழித்து, கட்டுக் கட்டாக அனுப்பினால் போதும். இத்தனை பிரதி விற்கவில்லை என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி. மிச்சம் கூழாக அரைக்கப் போய்விடும். அட்டை கிழிப்பதுதான் அப்பாவின் வேலை, காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை. அவருடைய வலது பெருவிரல் நகத்தின் ஓரம் எப்போதும் வெடித்தே இருக்கும்.

அங்கிருந்து ஒரு தாளைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது கட்டளை. காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. விற்காத புத்தகத்தை ஒருவர் வாசித்துவிட்டால், பிறகு அது விற்காத புத்தகம் இல்லையே.

அப்பா வெள்ளிக்கிழமைகளில் எடுத்து வந்தார். கம்பளிச் சட்டைக்கும் ஜக்கெட்டுக்கும் நடுவில் வைத்து, ஒரு கையை மார்போடு அணைத்தபடி. நெஞ்சு நோகிறவர் போல நடந்து வருவார்.

"பிள்ளையின்ரை இங்கிலீசுக்குத்தானே," என்பார். "குப்பைக்குப் போறது."

"குப்பையெண்டாலும் அது அவையின்ரை குப்பை," என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே கையை நீட்டி வாங்குவார்.

வெளியில் எவ்வளவு குளிரோ அவ்வளவு குளிர் அந்தத் தாள்களில் இருக்கும். சூடேற்றியின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் அச்சு மையின் மணமும் பசையின் மணமும் கலந்து எழும். அட்டை இருந்த இடத்தில் பசை காய்ந்து பொருக்காக நிற்கும். நான் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வாசிப்பேன்.

எத்தனை வகை என்று நினைக்கிறீர்கள்? கால்வாயில் நீளப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. காரின் பின்னால் வண்டிவீட்டை இழுத்துக்கொண்டு விடுமுறை போகிறவர்களுக்கு ஒன்று. பின்வளவில் இரண்டு பன்றியும் ஆறு கோழியும் வளர்ப்பவர்களுக்கு ஒன்று, தேனீக்காரர்களுக்கு அதைவிட மெல்லிசாக இன்னொன்று. பொம்மை வீட்டுக்குத் தீப்பெட்டி அளவில் கதிரை மேசை செய்கிறவர்களுக்குக்கூட மாதாமாதம் ஒரு புத்தகம் வந்தது. படமே இல்லாமல் உலகத்து அரசாங்கங்களையெல்லாம் கண்டித்து எழுதும் கிழமைச் சஞ்சிகை ஒன்று. அதில் ஒரு முறை எங்கள் இலங்கைச் சமாதானப் பேச்சைப் பற்றி நான்கு வரி வந்தது, அப்பா அதை வெட்டிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தார். புருஷன் விட்டுப்போன கதையையும் நோயிலிருந்து தப்பிய கதையையும் பெண்கள் தாங்களே சொல்கிற மலிவுப் புத்தகங்கள், ஈரக் கை பட்டாலே கரைகிற தாளில். விற்பனைக்கு வந்த மாளிகைகளும் வேட்டை நாய்களும் முத்துமாலை போட்ட மணப்பெண்களும் நிறைந்து தலையணை போலக் கனத்த ஒன்று.

"ஒரு சனத்துக்கு இவ்வளவு புத்தகமோ!" என்று அப்பா வியப்பார். அவர் வாசிக்க மாட்டார். படம் பார்ப்பார்.

எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கங்களில் வரும் வாசகர் கடிதங்கள். அதிலே ஆட்கள் இருந்தார்கள். பன்றிக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்வார். படகுக்கார அம்மா போன இதழில் வந்த ஒரு பிழையைத் திருத்துவார். புத்தகம் எதுவானாலும் அந்தக் கடிதங்களுக்கு ஒரே நடை. முதலில் மெல்லிய குறை, நடுவில் தன் அறிவு, முடிவில் தன்னையே பகிடி பண்ணும் ஒரு வரி. அந்த முடிவு வரி இருந்தால்தான் அச்சில் ஏறும் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் தொடர்மாடியில் அந்தச் சஞ்சிகைகளுக்கு வேறு வாசகர்களும் உண்டு. பின்னல் புத்தகம் அம்மாவுக்கு. சொல் விளங்காவிட்டாலும் பின்னல் குறிகள் அவருக்கு விளங்கின. பெண்கள் புத்தகத்தில் வாசனைத் திரவிய விளம்பரத்தின் ஓரத்தில் மடித்து ஒட்டிய தாள்கீற்று இருக்கும். அதைப் பிரித்து மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டுதான் அம்மா கோயிலுக்குப் போவார். நாலாம் மாடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவருக்குக் கணினி வேலை. மனைவியை நாங்கள் இந்தியா அன்ரி என்போம். அவருக்கு வேலைசெய்ய அனுமதி இல்லை, பகல் முழுக்கத் தனியாக இருப்பார். சொந்தக்கதைப் புத்தகங்கள் அவருக்கு.

ஐந்தாம் மாடியில் ஸ்டேசன் மாமா. அவருக்கு ரயில் புத்தகம்.

அவர் யாழ்ப்பாணம் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன நிலையத்தில் அதிபராக இருந்தவர். சண்டையில் ரயில் நின்றுபோன பிறகு மகனிடம் நோர்வேக்கு வந்துவிட்டார். மகன் கலியாணம் முடித்துத் திராமன் நகரத்துக்குப் போனபோது இவர் போகவில்லை. மனைவி இல்லை. ஒரு அறை வீட்டில் தனியாக இருந்தார். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் வடக்குக்குப் போகும் பாதை திறந்ததும் ஒரு முறை ஊருக்குப் போய் வந்தார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். அம்மா தேநீர் கொடுத்து, ஸ்டேசனைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பார்த்தன். சுவர் நிக்குது. தண்டவாளம் இல்லை. சிலிப்பர் கட்டையும் இல்லை. எல்லாம் பங்கருக்குப் போட்டிட்டாங்கள்." கோப்பையைக் கீழே வைத்தார். "பிளாட்போர்மில ஆடு படுத்திருக்குது. நான் போய் நிண்டாப்போல அது எழும்பேல்லை."

அதற்குப் பிறகு ஊர்க்கதை கதைக்க மாட்டார். ரயில் புத்தகம் வந்ததா என்று மட்டும் கேட்பார். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு அழைப்பு மணி அடித்தால் அது அவர்தான். வாங்கிக்கொண்டு நிற்காமல் போய்விடுவார். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, விளங்காத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் கோடிட்டுக் காட்டுவார். பெரும்பாலும் எனக்கும் விளங்காது.

மார்கழி விடுமுறையில் ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்சை வா. இந்தப் படத்தைப் பார். என்ன எழுதியிருக்குது?"

கறுப்பு வெள்ளைப் படம். புகை விட்டபடி ஒரு இயந்திரம், பின்னால் மூன்று பெட்டி. இலங்கையின் மலைநாட்டுப் பாதையில் எடுத்தது என்று கீழே போட்டிருந்தது. வாசித்தேன்.

"பின்னால நிக்கிறது என்ன மரம்?"

எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்தது ஒஸ்லோவில்.

"பனை, பிள்ளை. பனை. மலைநாட்டில எங்கை பனை நிக்கிறது? இது எங்கட லைன். வடக்கு." விரலால் அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இவங்களுக்கு ஆராவது சொல்லோணும்."

இரண்டு நாளில் கடிதம் எழுதி முடித்தார். கோடு போட்ட தாளில், சாய்ந்த எழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். 'தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புகிறேன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடித்திருந்தார். நல்லபடியாகத் தட்டச்சுச் செய்து தரச் சொல்லி என்னிடம் தந்தார். இந்தியா அன்ரி வீட்டில் கணினியும் அச்சிடும் இயந்திரமும் இருந்தன.

அதை அப்படியே அடித்திருக்கலாம். நான் அடிக்கவில்லை. இது ஒருபோதும் அச்சில் வராது என்று எனக்குத் தோன்றியது. இப்படியா அவர்கள் எழுதுகிறார்கள்? பணிவையெல்லாம் எடுத்தேன். வசனங்களைச் சுருக்கினேன். பனையைப் பற்றி அவர் எழுதியதை மட்டும் அப்படியே விட்டேன். முடிவில், அவர்கள் செய்வதுபோல ஒரு பகிடி வேண்டியிருந்தது. யோசித்தேன். என் அப்பாவைத் தவிர வேறொன்றும் எனக்கு அகப்படவில்லை.

நான் சேர்த்தது தமிழில் இப்படி வரும்: 'உங்கள் சஞ்சிகையை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், ஆனால் அதன் அட்டையை இன்றுவரை கண்டதில்லை. விற்காத பிரதிகளின் அட்டையைக் கிழிக்கும் ஒஸ்லோ களஞ்சியத்தில் என் நண்பர் வேலைசெய்கிறார். கூழாகப் போகவிருக்கும் உங்கள் ரயில்களை வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் காப்பாற்றி எடுத்துவருகிறார். அட்டையில் என்ன படம் போடுகிறீர்கள் என்று யாராவது எனக்குச் சொல்வீர்களா?'

இந்தியா அன்ரி தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"ஏய், சூப்பரா எழுதியிருக்கே! நீயா எழுதினே? அந்தக் கடைசி லைன் இருக்கு பாரு, அதான் ஹைலைட். கண்டிப்பா போட்டுடுவாங்க."

"ஓம் அன்ரி."

"நீ ஓம்னு சொல்றப்பல்லாம் எனக்கு மந்திரம் சொல்ற மாதிரியே இருக்கும்மா," என்று சிரித்தார். வளர்ந்த, படித்த ஒரு ஆள் வாசித்து, நல்லது என்று சொல்லிவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மேலே கொண்டுபோய் ஸ்டேசன் மாமாவிடம் கொடுத்தபோது அவர் கண்ணாடியைத் தேடினார். "நான் வாசிக்கிறன் மாமா," என்றேன். பனை வரைக்கும் வாசித்தேன். அதற்குக் கீழே இருந்ததை வாசிக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்கிறேன். அச்சில் வந்ததும் அவர் ஆச்சரியப்பட வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில், அந்த வரிகளை அவர் அழிக்கச் சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். முத்திரையை அவரே நாக்கில் நனைத்து ஒட்டினார்.

தை போனது, மாசி போனது. அந்த வருடம் பனி விட்டு விட்டுப் பெய்து, உருகி, மறுபடி உறைந்து, நடைபாதையெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. ஸ்டேசன் மாமா வழுக்காத இரும்புப் பற்களைச் சப்பாத்தில் மாட்டிக்கொண்டு, நகரத்து மத்திய நிலையத்துச் சஞ்சிகைக் கடைக்கு இரண்டு முறை போனார். புத்தகம் பொலித்தீன் உறைக்குள் இருந்தது, பிரிக்க விடவில்லை. விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக்கு எந்த இதழும் விற்பனை முடிந்த பிறகுதான் வரும். ஆகவே எல்லாம் எங்களுக்குத் தெரியவர ஒரு மாதம் பிந்தும்.

பனி கரைந்து, வீதியில் போட்ட சரளைக்கல் புழுதியாகப் பறக்கத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. அப்பா வழக்கம்போல வந்தார். பின்னல் புத்தகம் ஒன்று, சொந்தக்கதை ஒன்று, ரயில் ஒன்று. மாமா வந்து வாங்கிக்கொண்டு போனார். கால் மணித்தியாலம் ஆகியிருக்காது. மணி விடாமல் அடித்தது. திறந்தேன். சப்பாத்து இல்லாமல், வெறும் காலுறையோடு மாடிப்படியால் இறங்கி வந்திருந்தார். மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"வந்திட்டுது தம்பி! வந்திட்டுது!" என்னைத் தாண்டி உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்தார். "என்ரை பேர் போட்டு, ஒஸ்லோ எண்டு போட்டு!"

அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பாவும் சிரித்தார். "இருங்கோ அண்ணை, இருங்கோ. பிள்ளை, வாசி பார்ப்பம். எல்லாரும் கேப்பம்."

மாமா எவ்வளவு தூரம் வாசித்திருந்தார் என்று தெரியவில்லை. தன் பெயரைக் கண்டவுடனேயே ஓடி வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்கு இதயம் அடித்தது. பெருமையில்தான். மற்றக் கடிதங்களுக்கு மேலே, கட்டம் போட்டு, அந்த மாதத்தின் முதற் கடிதமாகப் போட்டிருந்தார்கள். 'அட்டை காணாத வாசகர்' என்று அவர்களே தலைப்புக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வசனமாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழ் சொன்னேன். பனை வந்தது. மாமா தலையை ஆட்டினார். பிறகு களஞ்சியம் வந்தது. நண்பர் வந்தார். வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா முதலில் சிரித்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, பாதியில் நிறுத்தினார்.

அப்பா கோப்பையை மேசையில் வைத்தார்.

"அதைத் திருப்பி வாசி."

வாசித்தேன்.

"இதை ஆர் எழுதினது?"

ஸ்டேசன் மாமா கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். என்னைப் பார்த்தார், ஒரு கணம்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இருக்கவில்லை.

"நான்தான் தம்பி எழுதினனான்," என்றார். "யோசிக்காமல் எழுதிப்போட்டன்."

"உங்களுக்கு அறிவிருக்கோ?" அப்பா அவரோடு அப்படிக் கதைத்ததே இல்லை. "இந்தப் புத்தகத்தை ஆர் ஆர் வாசிப்பாங்கள் எண்டு தெரியுமோ? எங்கட லாகரில தமிழர் மூண்டு பேர்தான். நான் பிள்ளைக்காரன், அண்ணை!"

"கத்தாதையுங்கோ," என்றார் அம்மா. "கதவு திறந்திருக்கு."

மாமா எழுந்தார். காலுறையோடு போனார். நான் சஞ்சிகையை மடித்து மேசையில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பதினொரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பதினொரு நாளும் பிற்பகலில் அப்பா திறப்புப் போடும் சத்தத்தை வைத்து, என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் மதியமே வந்துவிட்டார்.

மேலாளர் கூப்பிட்டிருக்கிறார். மேசையில் அந்த இதழ் இருந்தது, இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டது, முழு அட்டையோடு. மஞ்சள் வயலுக்கு நடுவே ஒரு பச்சை இயந்திரம் என்று அம்மாவிடம் அப்பா சொன்னார். அந்த நேரத்திலும் அதைப் பார்த்திருக்கிறார். மூன்று தமிழரையும் ஒவ்வொருவராக விசாரிக்கப் போகிறோம் என்றார்களாம். மற்றவர்களைக் கூப்பிட வேண்டாம், நான்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. பொலிசுக்குப் போகவில்லை. தானாக விலகுவதாகக் கடிதம் தந்தால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.

"பிள்ளை, தாள் எடுத்துக்கொண்டு வா," என்றார் அப்பா. "உன்ரை நோர்ஸ்க்தானே திறம்."

குசினி மேசையில் இருந்து நோர்வே மொழியில் எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் அந்த வருடத்தின் முதல் சைக்கிள்களை வெளியே எடுத்திருந்தார்கள்.

"என்ன காரணம் போட அப்பா?"

"சொந்தக் காரணம் எண்டு போடு."

ஐந்து வரி. பகிடி இல்லாத ஐந்து வரி. அப்பா வாங்கி வாசித்தார். எழுத்தில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல மெதுவாக.

"வடிவா எழுதியிருக்கிறாய்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த மேசையில் நானும் அவரும்தான் இருந்தோம்.

ஸ்டேசன் மாமா அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தார். முதல் முறை அப்பா அறைக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. அம்மா வாசலிலேயே நின்று கதைத்து அனுப்பினார். இரண்டாம் முறை, வைத்திருந்த ரயில் புத்தகங்கள் எல்லாவற்றையும் இரண்டு பைகளில் சுமந்து வந்தார். "தம்பி, இது உன்ரை பொருள்," என்றார் மூடிய கதவைப் பார்த்து. பைகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஜன்னலால் பார்த்தேன். கீழே குப்பைத் தாள் போடும் கொள்கலனின் வாய் ஒடுக்கம். ஒவ்வொன்றாகத்தான் போட முடியும். போட்டார்.

நான் கதவைத் திறந்து ஓடியிருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் என் மூச்சுப் படிந்தது. துடைத்தேன், மறுபடி படிந்தது.

அப்பாவுக்கு எட்டு மாதம் வேலை இருக்கவில்லை. கையை மார்போடு அணைத்து நடக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, வெறுங்கையோடு வரும்போதும் அப்படியே வருவார். பிறகு ஸ்ட்ரோம்மனில் கடைத்தொகுதியில் துப்புரவு வேலை கிடைத்தது. அங்கே ஒரு சஞ்சிகைக் கடையின் முன்னாலும் தரை துடைக்க வேண்டும் என்று அம்மா ஒருமுறை சொன்னார். அப்பா சொல்லவில்லை. அம்மா எனக்குப் பின்னிக்கொண்டிருந்த நீலச் சட்டை நின்றுபோனது. கை பின்னும் முறை அடுத்த இதழில் வருவதாக இருந்தது. அடுத்த இதழ் வரவில்லை. அம்மா அக்குளோடு முடிச்சுப் போட்டுக் கையில்லாத சட்டையாக முடித்தார். அந்தக் குளிர்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு போனேன். இந்தியா அன்ரியை ஒருநாள் மின்தூக்கியில் கண்டேன். கணவருக்கு வேறு நாட்டில் வேலை, போகிறோம் என்றார். "அப்பாக்கு வேலை போயிடுச்சாமே, எப்படிம்மா?" என்று கேட்டார். அவருக்கு எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நானும் சேர்த்துக் காட்டவில்லை.

மாமா அடுத்த வருடம் திராமனுக்கு, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லவில்லை. அழைப்பு மணிப் பலகையில் அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு போலந்துப் பெயர் வந்தது.

அதன் பிறகு அவரை ஒரே ஒரு முறை கண்டேன். எனக்கு இருபது வயது, ஒரு கலியாண மண்டபம். சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றார், மிகவும் மெலிந்து. என்னை அடையாளம் கண்டு தோளில் தட்டினார்.

"என்ன படிக்கிறாய்?"

"மருந்தாளர் படிப்பு மாமா."

"அப்பிடியோ. நல்லது, நல்லது." கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. "உனக்கு நல்ல இங்கிலீசு, பிள்ளை. விட்டிடாதை."

அந்தக் கடிதத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். அப்பா மண்டபத்தின் மறுபக்கத்தில், முதுகைக் காட்டியபடி இருந்தார். நான் மாமாவின் தட்டில் சோறு போட்டேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வரிசை நகர்ந்தது.

போன பங்குனியில் ஸ்டேசன் மாமா காலமாகிவிட்டார் என்று மகன் தொலைபேசியில் அறிவித்தார். எண்பத்தைந்து வயது. நான் அப்பாவிடம் சொன்னேன். செத்தவீட்டுக்கு வர மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் கறுத்தக் கால்சட்டை போட்டு, தலை இழுத்துச் சீவி, எனக்கு முன்னே வாசலில் நின்றார்.

ரயிலில் போனோம். அப்பாவுக்கு இப்போது எழுபது ஆகப்போகிறது, ஜன்னல் பக்கம் இருக்க விட்டேன். நீளச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் வெளிச்சம் போய், கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, அந்தக் கடிதத்தில லாகரைப் பற்றி எழுதினது மாமா இல்லை. நான்."

"தெரியும்," என்றார்.

ரயில் சத்தத்தில் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"எப்ப தெரியும்?"

"நீ வாசிக்கேக்கையே தெரியும். அண்ணைக்கு அப்பிடிப் பகிடி விட வராது."

"பிறகேன் அவரோட கதைக்காமல் விட்டனீங்கள்?"

அவர் வலது கையின் பெருவிரலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆரோடையாவது கோவிக்கோணும் போல இருந்தது. நீ சின்னப்பிள்ளை. உன்னோட கோவிச்சால், நீ பிறகு ஒண்டும் எழுதமாட்டாய் எண்டு நினைச்சன். அவர் பொறுப்பெடுத்தார். நானும் விட்டிட்டன். நான் சும்மாதான் கோவிக்கிறன் எண்டு அவருக்கு விளங்கும் எண்டு நினைச்சன். கொஞ்ச நாளில போய்க் கதைப்பம் எண்டு நினைச்சன்."

பரீட்சைத் தாளையும் வேலை விண்ணப்பத்தையும் தவிர, அந்த வருடத்துக்குப் பிறகு நான் எதையும் எழுதியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

சுரங்கம் முடிந்தது. வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே வந்தது. ஆறு தெரிந்தது, பிறகு பாலம், பிறகு வீடுகள். அடுத்தது திராமன் என்று அறிவித்தார்கள். அப்பா ஜக்கெட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழுந்தார். கதவருகே கம்பியைப் பிடித்தபடி நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிசம்தானே," என்றார். "நான் ஏதோ தூரம் எண்டு இருந்திட்டன்."

ரயில் நின்றது. கதவு திறந்தது. பின்னால் நின்றவர்கள் எங்களை விலத்திக்கொண்டு இறங்கிப் போனார்கள். அப்பா இன்னும் கம்பியை விடவில்லை.